பழைய காசுக்குப் புளி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் சிறுவர் பக்கத்தின் மூலையில் ஒரு சின்னக் குறிப்பு போட்டிருந்தீர்கள். பழைய நாணயங்களைப் பழப்புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் புதுசு மாதிரிப் பளபளக்கும் என்று. நாலே வரி. என் பேத்தி தரம் ஆறு படிக்கிறாள், அதை வாசித்த கையோடு குசினிக்குள் போய்விட்டாள், புளிப் போத்தலின் மூடி திறபடுகிற சத்தம் கேட்டுத்தான் நான் கதிரையை விட்டு எழும்பினேன். அவளுடைய மற்றக் கையில் 1870ஆம் ஆண்டின் ஐந்து சதம். அந்த வயதில் நான் செய்த அதே வேலையை அவள் செய்யப் போனாள், அதுவும் பத்திரிகையே சொல்லிவிட்டது என்ற தைரியத்தோடு. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும், வெட்ட வேண்டுமென்றால் நடுவில் எங்காவது வெட்டுங்கள், புளிச் சங்கதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் இ.போ.ச.வில் பஸ் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று தெற்கே போகிற ஓட்டம். சில்லறை சேர்க்கிறவனுக்கு இதைவிட நல்ல உத்தியோகம் கிடையாது. காத்தான்குடியில் ஏறுகிறவர் தருகிற காசு களுவாஞ்சிகுடியில் இறங்குகிறவருக்கு மீதியாகப் போய்விடும், அதற்குள் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட வேண்டும். பிடித்த காசை எடுத்தால் அதற்குப் பதில் என் சட்டைப் பையிலிருந்து அதே பெறுமதியைப் பைக்குள் போட்டுவிடுவேன். கணக்கு கணக்குத்தான், அதில் ஒரு சதம் பிசகியதில்லை. பிசகினதெல்லாம் வேறு இடங்களில்.

முதல் பிசகு 1969இல், எனக்குப் பதின்மூன்று வயது. பாடசாலையில் கண்காட்சி, ஆளுக்கு ஏதாவது பழம்பொருள் கொண்டுவரச் சொன்னார்கள். அம்மம்மாவின் பெட்டகத்துக்குள் ஒரு கொட்டைப்பெட்டி (ஓலையில் இழைத்த பணப்பை), அதற்குள் வெற்றிலைக் காம்பு வாசத்தோடு இருபது இருபத்தைந்து காசு இருந்தது. விக்டோரியா மகாராணி தலை போட்ட பெரிய செப்பு ஐந்து சதம், இப்போதைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள், அவ்வளவு பாரமாக இருக்கும். ஒரு சதம், அரைச் சதம், கால் சதம். பின்பக்கம் ஒரு மரம், அதன் இரண்டு பக்கமும் சிங்களத்திலும் தமிழிலும் பெறுமதி. (அந்த மரம் பனையா, தென்னையா, தாளிப்பனையா என்று பஸ்ஸுக்குள்ளேயே சண்டை பிடித்திருக்கிறோம்.) 1910ஆம் ஆண்டின் சதுர ஐந்து சதம் ஒன்று, மூலை மழுங்கினது. அப்புறம் கறுத்துப் போன இரண்டு சின்னக் காசு, அதைப் பிறகு சொல்கிறேன்.

எல்லாம் கறுப்பும் மண்ணிறமுமாக இருந்தது எனக்கு வெட்கமாக இருந்தது. இதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால் யார் பார்ப்பார்கள்? கிணற்றடியில் குந்தி, பழப்புளி, அடுப்புச் சாம்பல், தேங்காய்த் தும்பு, போதாததற்குத் தேசிக்காய்க் கோது, பின்னேரம் முழுக்க உரைஞ்சினேன். அம்மம்மா வந்து பார்த்துவிட்டு, "ஏன் மனே அதுகளப் போட்டு உரைஞ்சிறாய், அதுகளுக்கு வலிக்காதா?" என்றார். நான் சிரித்தேன். மறுநாள் காசெல்லாம் புதுச் செப்புக்குடம் மாதிரி மின்னியது, முதற்பரிசும் கிடைத்தது, ஆசிரியர் முதுகில் தட்டினார். அந்தத் தட்டுத்தான் என்னைக் கெடுத்தது. அதற்குப் பிறகு பதினைந்து வருடம் கைக்கு வந்த ஒரு காசையும் நான் விடவில்லை. பித்தளை துலக்கும் பாலிஷ், பற்பசை, சலவைத்தூள் என்று ஒன்றிலும் குறை வைக்கவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதியில் கொழும்பில் காசு வியாபாரம் செய்கிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். 1870 ஐந்து சதத்தை ஓரத்தில் பிடித்து விளக்குக்குக் கீழே ஒரு சாய்ப்புச் சாய்த்தார், திரும்ப வைத்துவிட்டு, "தம்பி, இதை யார் கழுவினது?" என்றார். அவ்வளவுதான். அவர் சொன்ன விலை நான் மனதுக்குள் போட்டு வைத்திருந்ததில் கால்வாசிகூட இல்லை. கோபம் வந்தது, ஏமாற்றப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் பொறுமையாகத் தன் பெட்டியிலிருந்து அதே வகைக் காசு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்து என் கையில் லென்ஸைத் தந்தார். அவருடையது கருங்காலி மாதிரி ஆழமான நிறம், மகாராணியின் கூந்தலில் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. என்னுடையதில் முகம் முழுக்க ஒரே பக்கமாக ஓடின கீறல்கள், தும்பின் வேலை.

அன்றைக்கு அவர் சொன்னதைத்தான் நான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். செப்பின் மேலே படிகிற அந்த மண்ணிறம் அழுக்கு அல்ல. காற்றோடும் கைபட்ட ஈரத்தோடும் செம்பு மெல்ல மெல்லச் சேர்ந்து போர்த்திக்கொள்கிற தோல் அது. கீழேயுள்ள உலோகத்தைக் காப்பதும் அதுதான். நூறு வருடத்தில் வந்ததைப் புளியின் அமிலம் ஐந்து நிமிடத்தில் கரைத்துவிடும், உப்பு சேர்ந்தால் இன்னும் வேகம், அப்புறம் தோல் போய் வெறுமையாகத் தெரிகிற செம்பு சில மாதத்தில் திட்டுத்திட்டாக அசிங்கமான நிறத்துக்குப் போகும், பழைய நிறம் திரும்ப வராது. புழங்காத புதுக் காசென்றால் சேதம் இன்னும் பெரிது. அச்சு விழுகிறபோது உலோகம் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளை விட்டுவிடுகிறது, காசைச் சாய்த்துத் திருப்பினால் ஒளி ஒரு சக்கரம் மாதிரிச் சுற்றுவது அந்த வரிகளால்தான். தேய்த்தால் முதலில் போவது அவை. மின்னும், ஆனால் ஒளி சுற்றாது. தெரிந்தவன் கண்ணுக்கு அது வழுக்கை மண்டை மினுங்குகிற மாதிரித்தான்.

பழசாக இருந்தால் விலை என்ற நினைப்பும் எனக்கு நெடுநாள் இருந்தது. 1500 வருடத்துக்கு முந்திய சின்னஞ்சிறு உரோமச் செப்புக் காசுகள் இலங்கையில் ஏராளமாக அகப்பட்டிருக்கின்றன, பெரும்பாலும் தேய்ந்தவை, அவற்றின் வயதைப் பார்த்து யாரும் மயங்கிவிடுவதில்லை. உலகப்போர்க் காலத்து ஒரு சதம் நம்மூரில் எந்தப் பெட்டகத்தைத் திறந்தாலும் விழும். எத்தனை மிஞ்சியிருக்கிறது, எப்படி மிஞ்சியிருக்கிறது, யாருக்கு வேண்டும், விலையைத் தீர்மானிப்பது இந்த மூன்றும்தான். இது தெரியாமல் கிலோக் கணக்கில் கலவைச் சில்லறை வாங்கிச் சேர்த்து, கடைசியில் இரும்பு வியாபாரிக்குக் கொடுத்திருக்கிறேன்.

சரி, இப்போது பெரிய முட்டாள்தனத்துக்கு வருகிறேன், எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஓய்வு பெற்ற புதிதில், கையில் கொஞ்சம் காசு இருந்த நேரம், தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு ஆள் வீட்டுக்கு வந்தார். பட்டுத் துணிக்குள் ஒரு காசு. ஒரு பக்கம் இராமர் பட்டாபிஷேகம், சீதை, இலக்குமணன், காலடியில் அனுமார். மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பனி, ஒரு அணா, 1818. பூசையில் வைத்திருந்த காசாம், அரிசியைக் கிட்ட வைத்தால் இழுக்குமாம். எங்கள் வீட்டு அரிசி ஒன்றும் அசையவில்லை, அதற்கும் அவரிடம் பதில் இருந்தது, "நாள் சரியில்லை ஐயா, வெள்ளிக்கிழமை பாருங்கள்." நான் வெள்ளிக்கிழமைக்கும் காத்திருக்கவில்லை. 15,000 ரூபா எண்ணிக் கொடுத்தேன்.

கம்பனி அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை. இந்தியா முழுவதுக்கும் ஒரே மாதிரிக் காசு என்று கம்பனி தொடங்கியதே 1835இல்தான், அதில் இருந்தது பிரித்தானிய மன்னரின் தலை. 1818இல் அந்தந்த மாகாணத்துக்கு அந்தந்தக் காசு. சென்னையில் கம்பனி அடித்த பொன் வராகனில் விஷ்ணு உருவம் உண்டு, அந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பொய் நடமாடுகிறது என்று நினைக்கிறேன், கேட்கிறவனுக்கு 'இருக்கலாமே' என்று தோன்றிவிடுகிறது. அதே காலத்தில் நம் நாட்டில் ஓடின காசு எது என்று நான் யோசித்திருந்தாலே போதும். 1815ஆம் ஆண்டு பொறித்து ஆங்கிலேயர் இலங்கைக்கென்று அடித்த ஸ்டைவர் என்கிற செப்புக் காசு, ஒரு பக்கம் மூன்றாம் ஜோர்ஜ், மறுபக்கம் யானை. யானைக் காசு கையில் இருந்தவன் அனுமார் காசுக்கு ஏமாந்தேன். இராமர் காசு இப்போதும் சாமியறையில்தான் இருக்கிறது, மனைவி எடுக்க விடவில்லை, ஏமாந்த காசென்றாலும் சாமி சாமிதானே என்கிறாள்.

இப்போது இது முகநூலுக்கு வந்துவிட்டது. உங்களிடம் இந்தப் பழைய காசு இருந்தால் கோடி ரூபா, இந்த இலக்கத்துக்கு அழையுங்கள் என்று. அழைத்தால் முதலில் பதிவுக் கட்டணம், பிறகு வரி, பிறகு கொமிஷன். இந்திய ரிசர்வ் வங்கி தன் பெயரை வைத்து இப்படிப் பணம் பறிக்கிறார்கள் என்று 2021இல் எச்சரிக்கை அறிவித்தல் விட்டது. உங்கள் பத்திரிகை புளிக் குறிப்புப் போட்ட இடத்தில் இதைப் போட்டிருக்கலாம். வாங்குகிறவன் விற்கிறவனிடம் முன்பணம் கேட்கிற ஊர் உலகத்தில் எங்கே இருக்கிறது?

வெள்ளிக் காசில் செய்த பிழைகள் வேறு மாதிரி. பிரித்தானிய இந்தியாவின் வெள்ளி ரூபா நம் பக்கத்திலும் புழங்கியது, சரியாக ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், அதனால் பழைய ஆட்கள் அதையே எடைக்கல்லாக வைத்து நிறுத்தார்கள். அம்மாவின் ரூபாக்கள் ஏழில் மூன்றுக்கு மாலை கோர்க்க வளையம் ஒட்டியிருந்தது. நான் நகை வேலை செய்கிற ஒருவரிடம் கொடுத்து வளையத்தை அரத்தால் ராவி எடுத்தேன், இப்போது மன்னரின் தலைக்கு மேலே ஒரு தழும்பு. வளையத்தோடு விட்டிருந்தால் குறைந்தது அது ஒரு பெண்ணின் கழுத்தில் கிடந்த காசு என்றாவது தெரிந்திருக்கும். மீதி நாலையும் ரப்பர் பட்டி போட்டுக் கட்டி வைத்தேன், ரப்பரில் கந்தகம் இருக்கிறது, வெள்ளிக்கு ஆகாது, பட்டி கிடந்த இடம் கறுப்புக் கோடாக விழுந்துவிட்டது. கடதாசியில் சுற்றினாலும் அதே கதைதான், பத்திரிகைக் கடதாசி மலிவான அமிலக் கடதாசி. குறை நினைக்காதீர்கள், நான் சுற்றினது உங்கள் பத்திரிகையில்தான்.

1957 புத்த ஜயந்திக்கு வந்த ஐந்து ரூபா ஒன்று ஒரு பயணியிடமிருந்து எனக்குக் கிடைத்தது. 28 கிராமுக்கு மேலே, நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. மகளுக்குக் கொலுசு செய்ய வெள்ளி கொஞ்சம் குறைகிறது என்று அதை உருக்கக் கொடுத்தேன். கொலுசும் ஒரு வருடத்தில் சின்னதாகிவிட்டது. இதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை.

அப்புறம் அல்பம். தொண்ணூறுகளில் பிளாஸ்டிக் பை வைத்த அழகான அல்பம் ஒன்று வாங்கி எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கினேன். மிருதுவான பிளாஸ்டிக், புதுசாகத் திறந்தபோது மழைச்சட்டை வாசம் வந்தது. அந்த வாசம் வந்தால் வாங்காதீர்கள், அது பி.வி.சி. நம் ஊர் வெக்கைக்கும் வாவிக் காற்றுக்கும் அதிலிருந்து எண்ணெயும் அமிலமும் கசிந்து காசின் மேலே பச்சைப் பிசின் மாதிரிப் பிடிக்கும். எனக்குப் பிடித்தது. சுத்தமான அசிட்டோனில் நனைத்தால் அது போகும் (நகப்பூச்சு அழிக்கிற திரவம் அல்ல, அதில் வேறு சாமான்கள் கலந்திருக்கும், சிறுவர்கள் இதைத் தொடவும் வேண்டாம்), ஆனால் கீழே அரித்திருந்தால் அரித்ததுதான். பொலிப்ரொபிலீன், மைலார் என்று போட்ட பைகள் பாதுகாப்பானவை. கூடவே ஒரு பொதி சிலிக்கா ஜெல், மருந்துப் போத்தலுக்குள் வருகிறதே அதுதான்.

2004 மார்கழி 26 அன்று கல்லடியில் எங்கள் வீட்டுக்குள்ளும் கடல் வந்தது. எங்கள் வீட்டு ஆட்கள் எல்லோரும் மிஞ்சினோம், அந்தத் தெருவில் அப்படிச் சொல்லக் கூடியவர்கள் அதிகமில்லை, அதனால் காசுக் கதையை அந்த நாளோடு சேர்த்து எழுதவே ஒரு மாதிரி இருக்கிறது. ஆனாலும் நடந்தது நடந்ததுதான். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, மணலுக்குள் பாதி புதைந்து என் தகரப்பெட்டி கிடந்தது. அல்பம் இல்லை, அடியில் இருந்த செப்புக் காசுகள் இருந்தன. அவற்றைத் துணியால் துடைத்து, வெயிலில் ஒரு நாள் காய வைத்து, மூடி வைத்துவிட்டேன். யாருக்கு அப்போது காசைப் பார்க்கிற மனம்? இரண்டு வருடம் கழித்துத் திறந்தால் வெளிர் பச்சைப் பொடி. தொட்டால் உதிர்ந்தது, கீழே குழி. கடல் உப்பு செம்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் காற்றின் ஈரமே போதும், அமிலம் உண்டாகி அரிக்கும், அரித்ததிலிருந்து இன்னும் அமிலம், நிற்கவே நிற்காது. துடைத்துக் காய வைப்பது போதாது. காய்ச்சி வடித்த நீரில், வாகன பற்றரிக்கு ஊற்ற என்று விற்கிறார்களே அந்தத் தண்ணீர் (அமிலம் அல்ல, தண்ணீர்), அதில் ஊறப் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி வாரக்கணக்கில் உப்பை இழுத்து எடுத்திருக்க வேண்டும். மார்கழியில் வெள்ளம் வருகிற ஊர் இது, யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன். பேத்தி கையில் இருந்த ஐந்து சதம் அதில் தப்பினது, தெரியுமா? 1969இல் நான் தேய்க்காமல் விட்ட ஒரே ஒரு ஐந்து சதமும் அதுதான், கொட்டைப்பெட்டியின் மடிப்புக்குள் ஒளிந்திருந்து அம்மம்மா செத்த பிறகு அகப்பட்டது, கடல் வந்த அன்று என் மணிபேர்சுக்குள் இருந்தது.

அந்தக் கறுத்த சின்னக் காசு இரண்டையும் பிறகு சொல்வதாக எழுதினேன். தேய்த்த பிறகு தெரிந்தது, ஒரு பக்கம் சிங்கம் போட்ட கேடயம், மறுபக்கம் பெரிய வி எழுத்து, அதன் இரண்டு காலிலும் ஓவும் சியும் கோர்த்திருந்தன. ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி முத்திரை. (வ.உ.சி. பெயரில் அந்தக் காலத்திலேயே காசு அடித்தார்களா என்று பஸ்ஸில் ஒருவர் உண்மையாகவே கேட்டார்.) அதை அவர்கள் டொய்ட் என்றார்கள், நாம் துட்டு என்பது அதிலிருந்து வந்ததுதான் என்று சொல்வார்கள். ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது 1638இல். அம்மம்மாவிடம் அந்தக் காசு எப்படி வந்தது? வயல் உழும்போது கிடைத்தது என்று ஒரு தடவை சொன்ன ஞாபகம். எந்த வயல், வாவிக்கு மேற்கே படுவான்கரையிலா கிழக்கே எழுவான்கரையிலா, யார் உழுதது, தனியாகவா குடத்தோடா, நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கதை சொல்லத் தொடங்கினால் "மறுகா சொல்லுங்க" என்றுவிட்டு விளையாடப் போனவன் நான். வருடம் பார்ப்பதற்காக அந்த இரண்டையும் திரும்பத் திரும்பத் தேய்த்து, இப்போது வருடமும் இல்லை. தேய்த்ததைக்கூட என்னை மன்னித்துவிட முடிகிறது, கேட்காததை முடியவில்லை.

ஆகவே சேர்க்கிற பிள்ளைகளுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். யார் தந்தது, எந்த ஊர், எந்த நாள். நிலத்துக்குள்ளிருந்து கிடைத்தது என்றால் அது வேறு விஷயம், 1940இல் வந்த தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அப்படிப்பட்ட தொல்பொருள் அரசின் சொத்து, கிண்டுவதும் விற்பதும் வம்பில் முடியும், திணைக்களத்துக்கு அறிவிப்பதுதான் முறை. தொடங்க விரும்புகிற பிள்ளைக்குப் புதையல் தேவையுமில்லை. 2013ஆம் ஆண்டு பொறித்து 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக மத்திய வங்கி விட்ட 10 ரூபாக் காசுகள் இருக்கின்றன, மட்டக்களப்பையும் அம்பாறையையும் முதலில் தேடட்டும். என் பேத்தி பதினெட்டுச் சேர்த்துவிட்டாள், அம்பாறை இன்னும் கிடைக்கவில்லை, கல்முனை ஓட்டத்தில் இருக்கிற பழைய சகாக்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த ஞாயிறு அதே சிறுவர் பக்கத்தில், அதே மூலையில், அதே அளவு எழுத்தில், பழைய காசைக் கழுவவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம் என்று ஒரு திருத்தம் போடுங்கள். பாடசாலைக் கண்காட்சிகள் வருகிற காலம் இது. எந்த ஆசிரியராவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தால், நான் தேய்த்த ஐந்து சதத்தையும் தேய்க்காத ஐந்து சதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டத் தயார், முகவரியைத் தனியாக இணைத்திருக்கிறேன், அது அச்சுக்கு அல்ல. தேய்க்காததை ஓரத்தில் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். தேய்த்ததை எப்படி வேண்டுமானாலும் பிடிக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் கொண்டக்டர்,
கல்லடி, மட்டக்களப்பு.